இசையை எழுத்தில் நிறுத்தல்

(தென்காசியில் கூடிய நமது சங்கத்தின் மாதக்கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது குலத்தொழிலாகிய மேளத்தைப்பற்றிச் சில வார்த்தை சொல்லவேண்டுமென்று சங்கத்தார் எமக்குக் கட்டளையிட்டனர். நாகஸ்வரத்தின் பெருமையையும் தவிலின் பெருமையையும் இச்சபையில் எடுத்துரைப்பது கொல்லர் தெருவில் ஊசி விற்பதாக முடியும். ஆதலின் பெருமையை விடுத்து, அத்தொழிலுக்கு நேர்ந்துள்ள ஓர் அபாயத்தையும், அதற்கு இக்காலத்தில் கிடைத்துள்ள ஒரு பரிகாரத்தையும் பற்றியே பேசத் துணிந்தோம். அபாயமாவது, நம் முன்னோர் வாசித்த உருப்படிகள் பல எழுத்தில் ஏறாமலே மறைந்து வருதல். பரிகாரமாவது, அவற்றைக் கணினியில் வெறும் எழுத்தாகப் பதிந்து, ஸ்வரத்தாளாக அச்சிட்டுக் காத்தல்.

நாம் கூடியிருக்கும் இவ்வூர்க் கோயிலை நினைமின்கள். 1446-ஆம் ஆண்டில் காசி விசுவநாதருக்கு இத்திருப்பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டிய மன்னர், பிற்காலத்தில் இதற்குக் குறை நேருமாயின் அதைச் செப்பனிடுவோர் யாராயினும் அவர் அடியில் தாம் பணிவதாகக் கல்லில் வெட்டிவைத்தார். கட்டுவோன் ஒருவன், காப்போன் வேறொருவன் என்பதை அவ்வரசர் உணர்ந்திருந்தார். நெடுங்காலம் மொட்டையாய் நின்ற அக்கோபுரம் 1990-ஆம் ஆண்டில் புதிதாய் எழுந்ததை நம்முள் மூத்தோர் கண்ணாரக் கண்டனர். கல் இடிந்தால் அடிப்படையையும் அளவையும் பார்த்து மறுபடி கட்டலாம். அக்கோபுர வாயிலில் ஒலித்த இசை மறைந்தால், எதைப் பார்த்து மறுபடி கட்டுவது?

அருகிலுள்ள குற்றாலத்தையும் பாருங்கள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியைத் தமிழ் பேசும் நாடெங்கும் அறியும். பாட்டின் சொல்லை ஏடு காத்தது. இன்ன ராகம், இன்ன தாளம் என்னும் பெயரையும் காத்தது. ஆனால் அந்த ராகத்தில் அவர் எடுத்த எடுப்பு எது, எந்த ஸ்வரத்தில் நிறுத்தினார் என்பதை ஏடு சொல்லவில்லை. பிற்காலத்தார் தத்தம் மனோதர்மப்படி மெட்டமைத்துப் பாடுகின்றனர். சொல் பிழைத்தது, மெட்டு வாய்மொழியை நம்பி நின்றது.

சொல்லுள்ள பாட்டின் கதி இதுவாயின், சொல்லேயில்லாத உருப்படியின் கதி என்ன? சுவாமி புறப்பாட்டில் நாம் முதலில் வாசிப்பது மல்லாரியன்றோ? கம்பீரநாட்டை ராகத்தில், சாகித்யம் இன்றி, ஸ்வரமும் தாளமுமே வடிவாக நிற்பது அது. சின்ன மல்லாரி, பெரிய மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி, நைவேத்தியத்துக்குத் தளிகை மல்லாரி, தீர்த்தத்துக்குத் தீர்த்த மல்லாரி என அவை பலவகை. கீர்த்தனமாயின் சொல்லாவது புத்தகத்தில் கிடைக்கும். மல்லாரிக்கு ஸ்வரமே உடல், ஸ்வரமே உயிர். அதை அறிந்த முதியவர் ஒருவர் காலமானால் அவருடன் ஒரு வாகனப் புறப்பாட்டின் முறையே போய்விடும்.

நோட்டுப்புத்தகங்கள் உள்ளனவே என்பீர்கள். உள்ளன, ஆனால் எந்நிலையில் உள்ளன? குற்றாலத்துச் சாரல் உலகத்தாருக்கு இன்பம், காகிதத்துக்கோ பகை. ஆனி ஆடி மாதங்களின் ஈரத்தில் மை பரந்து, பூஞ்சை பூத்து, ஸ்தாயியைக் காட்டும் புள்ளி எது, பூச்சி தின்ற துளை எது என்று பிரித்தறிய முடியாத ஏடுகள் நம் வீடுகளில் எத்தனை! புள்ளி ஒன்று மறைந்தால் மேல்ஸ்தாயி ஷட்ஜம் மத்தியஸ்தாயி ஷட்ஜமாகிவிடும். மேற்கோடு ஒன்று அழிந்தால் இரண்டாங்காலம் முதற்காலமாகிவிடும்.

இக்கவலை நமக்கு முன்னரே பெரியோர்க்கு உண்டாயிற்று. நம் பக்கத்து எட்டயபுரத்தில் சமஸ்தான வித்துவானாய் விளங்கிய சுப்பராம தீக்ஷிதர், 1904-ஆம் ஆண்டில் ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி என்னும் பெருநூலை அவ்வூர் வித்யா விலாஸினி அச்சுக்கூடத்தில் தெலுங்கெழுத்தில் வெளியிட்டார். முத்துஸ்வாமி தீக்ஷிதர் முதலியோரின் கிருதிகளை ஸ்வரப்படுத்தி, கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறி வகுத்து, அக்குறிகளையும் அச்சிலேற்றிய அருஞ்செயல் அது. அந்நூல் வெளிவரவேண்டுமென்று அவரைத் தூண்டியவர், நம் சங்கீதத்தை ஐரோப்பியக் கோட்டெழுத்தில் 1890-களில் அச்சிட்டு வெளியிட்ட சின்னசாமி முதலியார் அவர்கள். பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாடமியார் அதைத் தமிழெழுத்திலும் வெளியிட்டனர்.

இன்னும் அண்மையில் உள்ள உதாரணமும் உண்டு. இத்தென்காசிக்கு அருகேயுள்ள சாம்பவர்வடகரையில் 1859-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். தஞ்சையில் வைத்தியத் தொழிலால் பொருளீட்டிய அப்பெரியார், அப்பொருளை இசையாராய்ச்சிக்குச் செலவிட்டு, 1912-ஆம் ஆண்டு முதல் சங்கீத மகாநாடுகள் கூட்டினார். தமது கருணாமிர்த சாகரம் என்னும் நூலை 1917-ஆம் ஆண்டில் தம்முடைய அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டார். இசையை அச்சிடுதல் எவ்வளவு சிரமமும் செலவும் உடையதாயின், ஒருவர் அதற்கெனத் தமக்கே ஓர் அச்சுக்கூடம் வைத்திருத்தல் நலமென எண்ணியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அச்சிரமத்தின் காரணம் யாது? நம் ஸ்வரக்குறிப்பு அடிப்படையில் எழுத்தே. ஸ ரி க ம ப த நி என்னும் ஏழெழுத்து. நீட்சிக்குக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும். மேல்ஸ்தாயிக்கு மேற்புள்ளி, மந்தரஸ்தாயிக்குக் கீழ்ப்புள்ளி. காலம் இரட்டித்தால் எழுத்தின்மேல் ஒரு கோடு, மேலும் இரட்டித்தால் இருகோடு. எழுத்தும் காற்புள்ளியும் எந்த அச்சுக்கூடத்துப் பெட்டியிலும் உண்டு. புள்ளியிட்ட எழுத்துக்குத் தனியச்சு வார்க்கவேண்டும். மேற்கோட்டுக்குப் பித்தளைத் தகட்டை அளவாக வெட்டிப் பொருத்தவேண்டும். ஒரு தகடு நகர்ந்தால் தாளம் தப்பும்.

ஐரோப்பியர்க்கு இடர் இதனினும் பெரிது. அவர்கள் ஐந்து கோடிட்டு அதன்மேல் குறிகளை ஏற்றி எழுதுவர். வெனிஸ் நகரத்துப் பெட்ரூச்சி என்பவர் 1501-ஆம் ஆண்டில் கோட்டுக்கு ஒருமுறை, குறிக்கு ஒருமுறை என ஒரே தாளைப் பன்முறை அச்சுக்கொடுத்து இசைநூல் வெளியிட்டார். பின்னர் உலோகத் தகட்டில் உளிகொண்டு வெட்டி அச்சிடும் சிற்பிகள் தோன்றினர். அவர்களுடைய கைத்திறன் கண்ணுக்கினிய தாள்களைத் தந்தது.

அச்சிற்பிகளின் அழகைக் கணினியால் மீண்டும் பெறவேண்டுமென்று ஹாலந்து தேசத்து இசைவாணர் இருவர், ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவன்ஹாய்சன் என்போர், 1996-ஆம் ஆண்டில் தொடங்கியதே லிலிபாண்ட் என்னும் மென்பொருள். அதற்கு விலையில்லை, யாரும் எடுத்தாளலாம், யாரும் பிறர்க்குக் கொடுக்கலாம், திருத்தியும் அமைக்கலாம். மற்ற மென்பொருள்கள் பலவற்றில் திரையில் கோட்டைக் கண்டு ஒவ்வொரு குறியாக இழுத்து வைக்கவேண்டும். இதிலோ கடிதம் எழுதுவதுபோல் எழுத்தாகவே எழுதிக்கொண்டு போகலாம். எழுதி முடித்தபின் கட்டளையிட்டால், மென்பொருள் தானே இடைவெளி கணக்கிட்டு, கோடிட்டு, குறியிட்டு, அச்சுக்குரிய தாளாகத் தந்துவிடும்.

அதன் முறையைச் சிறிது விளக்குவோம். ஷட்ஜத்தைச் சி என்னும் ஆங்கில எழுத்தாகக் கொண்டால், நம் குழந்தைகள் சரளி வரிசையில் பாடும் மாயாமாளவகௌளையின் ஆரோகணம் சி, டெஸ், ஈ, எஃப், ஜி, ஏஸ், பி, சி என எழுதப்படும். சுத்த ரிஷபம் டெஸ் ஆகும். சுத்த தைவதம் ஏஸ் ஆகும். கம்பீரநாட்டையோ சி, ஈ, எஃப், ஜி, பி என்னும் ஐந்தெழுத்தில் அடங்கும். எழுத்தின் பக்கத்தில் 4 என்றிட்டால் ஓரளவு நீளம். 8 என்றிட்டால் அதிற் பாதி. 16 என்றிட்டால் காற்பங்கு. மேல்ஸ்தாயிக்கு எழுத்தின் பின் ஒரு மேற்கொம்பு. கீழ்ஸ்தாயிக்கு ஒரு காற்புள்ளி. இவ்வளவே அடிப்படை. அட்சரம் தெரிந்த பிள்ளை ஒரு வாரத்தில் கற்கும்.

இதில் நம் தொழிலுக்கு விசேஷ உபகாரமானவை சில உள. முதலாவது தாளக் காவல். ஆவர்த்தனத்தின் முடிவில் ஒரு நெடுக்குக்கோடு இட்டுவைத்தால், அவ்விடத்தில் கணக்குச் சரியாக விழாதபோது மென்பொருள் எச்சரிக்கும். பக்கத்திலிருந்து கையால் தாளம் போட்டுத் தவறு கண்டுபிடிக்கும் தோழனைப்போல் அது உதவும். இரண்டாவது காலம் மாற்றுதல். மல்லாரியை மூன்று காலத்திலும் வாசிக்கிறோம். ஓரடியை ஒருமுறை எழுதி, அதன் நீளத்தைப் பாதியாக்குக என்று கட்டளையிட்டால் அடுத்த காலம் தானே அமையும். மூன்றாவது சுருதி மாற்றுதல். ஒருவர் நான்கு கட்டைத் திமிரியில் வாசிப்பார். மற்றொருவர் இரண்டரைக் கட்டைப் பாரியில் வாசிப்பார். ஒருமுறை எழுதியதை எச்சுருதிக்கும் ஒரே வரியில் மாற்றி அச்சிடலாம்.

நான்காவது, தமிழெழுத்து. இம்மென்பொருள் ஒருங்குறி முறையை ஏற்பதால், கோட்டின் கீழே சாகித்யத்தைத் தமிழில் அச்சிடலாம். சாகித்யம் இல்லாத மல்லாரிக்கு அவ்விடத்தில் ஸ ரி க ம என்னும் ஸ்வர எழுத்தையே இடலாம். மேலே உலகத்தார் படிக்கும் கோட்டெழுத்து. கீழே நம்மவர் படிக்கும் ஸ்வர எழுத்து. தவிலின் சொற்கட்டையும் ஒற்றைக்கோட்டில் எழுதித் தகதிமி தகஜொணு என்று கீழே போடலாம். ஐந்தாவது, எமக்கு எல்லாவற்றினும் அருமையாகத் தோன்றுவது, அச்சில் வாராத குறிப்பு. ஒரு வரியின் முதலில் சதவீதக் குறியை இட்டால், அவ்வரியை மென்பொருள் படியாது. எழுதியவர்க்கும் பின்வருவோர்க்கும் மட்டுமே அது பயன்படும். இம்மல்லாரி யாருடைய பாடாந்தரம், எக்கோயிலில் எவ்வாகனத்துக்கு வாசித்தது, யார் பாட யார் எழுதினார், எந்நாள் என்பதையெல்லாம் உருப்படியின் தலையிலேயே எழுதிவைக்கலாம்.

இங்கே எழுதுவோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தமிழில் ரி என்பது ஓரெழுத்து; அது குறிக்கும் ஸ்தானமோ மூன்று. ராகத்தின் பெயரை மேலே எழுதிவிட்டால் போதுமென்பர் சிலர். காம்போதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குரியது கைசிகி நிஷாதம். ஆயினும் ஸ நி ப த ஸ என்னும் பிடியில் காகலி நிஷாதம் வரும். இரண்டும் ஏட்டில் நி என்றே நிற்கும். கேள்வி ஞானம் உள்ளவர்க்குக் குற்றமில்லை. நாற்பது ஆண்டுக்குப்பின் அவ்வேட்டை எடுக்கும் பேரனுக்குச் சொல்வார் யார்? லிலிபாண்டிலோ முதலாவது பி-யின் அடங்கிய வடிவம், இரண்டாவது பி. எது என்று தீர்மானியாமல் எழுதவே முடியாது. இக்கட்டாயம் நமக்கு நன்மையே. பெரியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டுத் தெளிய நேருகிறதன்றோ?

இதன் குறைகளையும் மறைக்கலாகாது. கோட்டெழுத்து நம் கமகத்தை முழுதும் காட்டாது. வளைவுக்கோடும் அசைவுக்குறியும் இட்டுச் சிறிது குறிப்பிடலாமே ஒழிய, தோடியின் காந்தாரத்தைக் கோட்டில் எழுதிக் காட்டுதல் இயலாது. எழுதியதை ஒலியாகத் தரும் வசதியும் இம்மென்பொருளில் உண்டு. ஆனால் அவ்வொலியில் அசைவின்மையால் அது உயிரற்ற சவம்போல் கிடக்கும். பிழை பார்க்க அது உதவும். கேட்டு மகிழ உதவாது. ஆகவே குருமுகமாய்க் கற்பதற்கு இது பதிலாகும் என்று யாம் சொல்லவில்லை. கற்றவன் மறவாதிருக்கவும், கற்பவன் ஒப்புநோக்கவுமே இது கருவி.

இனி நம்மவர் சொல்லும் ஆட்சேபங்களுக்கு வருவோம். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தால் போதாதா என்பது ஒன்று. ஒலிப்பதிவு மிக அவசியமே. காருகுறிச்சி அருணாசலம் அவர்கள் 1964-ஆம் ஆண்டில் மறைந்தும், அவர் நாதத்தை நாம் இன்றும் கேட்பது ஒலிப்பதிவின் உபகாரமன்றோ? ஆனால் பதிவு ஒரு நாளைய வாசிப்பைத் தரும். உருப்படியின் எலும்புக்கூட்டைப் பிரித்துக் காட்டாது. மேலும், இசைத்தட்டு போயிற்று, நாடா போயிற்று, காஸெட்டு போயிற்று. அவற்றை ஒலிக்கச்செய்யும் இயந்திரமும் அருகிற்று. ஒலியும் வேண்டும், எழுத்தும் வேண்டும்.

வேறு நல்ல மென்பொருள்கள் இல்லையா என்பது மற்றொன்று. உள. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஃபினாலே என்னும் புகழ்பெற்ற இசையச்சு மென்பொருள் 35 ஆண்டு நடந்தபின், 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதன் உரிமையாளர் அதை இனி வளர்ப்பதில்லையென்று அறிவித்துவிட்டனர். அதற்கேயுரிய வடிவத்தில் வாழ்நாள் உழைப்பைச் சேமித்தவர்கள், அதனை வேறு வடிவத்துக்கு மாற்ற ஓடவேண்டியதாயிற்று. வெறும் எழுத்தாய் உள்ள கோப்புக்கு இவ்விடர் குறைவு. நாளை லிலிபாண்டே இல்லாமற்போனாலும், எழுத்தைத் திறக்கும் எந்தக் கருவியிலும் அது திறக்கும். கண்ணால் படித்தே ஸ்வரத்தை மீட்கலாம். தாளில் அச்சிட்டு வைத்தாலும் அப்படியே.

தமிழிலும் இப்பாடம் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒருங்குறி பரவுமுன் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகள் இன்று பொருளற்ற குறிகளாய்த் தோன்றுகின்றன. எனவே எதை எழுதினும் ஒருங்குறித் தமிழிலேயே எழுதுக.

மூன்றாவது ஆட்சேபமே கடினமானது. இது எங்கள் வீட்டுச் சொத்து. அச்சிட்டால் எவனும் வாசிப்பானே என்பது. இதனை இழிவாகக் கொள்ளல் தகாது. ஒரு குடும்பம் தலைமுறையாய்ப் பசித்திருந்து காத்த வித்தை அது. அதனாலேயே கோயில் மரியாதையும் பிழைப்பும் வந்தன. ஆயினும் ஐயன்மீர்! பூட்டிவைத்தால் காக்கப்படுவது பொன். இசையோ வாசிக்க வாசிக்கவே இருப்பது. இன்று நம் பிள்ளைகளிற் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்க்கின்றனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, மேளம் அவர்கள் தந்தையர்க்குக் கொடுத்த கூலி எவ்வளவென்பதை நாம் அறிவோம். வாங்குவார் இல்லாத வித்தையைத் திருடுவார் யார்? இன்னார் பாடாந்தரம் என்று தலையில் பெயர் எழுதி வெளியிட்டால், சொத்து களவு போகாது. சொத்துக்குப் பத்திரம் பதிவானதாகும். வெளியிட இசையாதோர் எழுதியாவது வீட்டில் வைக்கட்டும். வெளியிடுவதும் விடுவதும் அவர் விருப்பம்.

அன்றியும், உத்தியோகத்திற்குப் போன அப்பிள்ளைகளே இவ்வேலைக்கு உரியவர் என்பது எம் கருத்து. ஊதக் கற்கவில்லையே என்று வருந்தும் பேரனுக்கும், ஊத இடங்கொடுக்கப்படாத பேத்திக்கும் இது நல்ல வாயில். தாத்தா பாட, பேத்தி எழுத, தாள் வந்தபின் மாமன் அதை வாசித்துப் பிழை பார்க்க, மூன்று தலைமுறையும் ஒரு திண்ணையில் கூடுமன்றோ?

ஆகவே சங்கத்தார் முன் சில யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம். முதலாவது, வரும் சாரலுக்கு முன் நம் வீடுகளில் உள்ள ஸ்வர நோட்டுகளை எடுத்து உலர்த்தி, ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்து வைக்கவேண்டும். இரண்டாவது, எழுபது வயதுக்கு மேற்பட்ட வித்துவான்களிடம் முதலில் சென்று, மற்ற உருப்படிகளைப் பின்னுக்கு வைத்து, மல்லாரிகளையே கேட்டுப் பதிவு செய்யவேண்டும். கீர்த்தனத்தைக் காக்கப் பிறர் உளர், மல்லாரியைக் காக்க நம்மையன்றி யார் உளர்? மூன்றாவது, எழுதியவரே பிழை பார்க்காமல், மற்றொருவர் தாளைப் பார்த்து வாசிக்க, பாடியவர் கேட்டு ஒப்பவேண்டும். நான்காவது, கோப்பை மூன்றிடத்தில் வைத்து, நல்ல காகிதத்தில் ஒரு பிரதி அச்சிட்டுச் சங்கத்திலும் ஒரு பிரதி வித்துவான் வீட்டிலும் வைக்கவேண்டும். ஐந்தாவது, பள்ளி விடுமுறையில் பத்துப் பிள்ளைகளுக்கு இம்மென்பொருளைக் கற்பிக்கச் சங்கம் இடமும் கணினியும் தரவேண்டும். செலவு காகிதமும் மின்சாரமுமே, மென்பொருளுக்குக் காசில்லை.

எட்டயபுரத்தார் ஒரு நூலுக்கு ஓர் அச்சுக்கூடத்தின் உழைப்பைத் தந்தனர். சாம்பவர்வடகரையார் ஒருவர் தம் செல்வத்தைத் தந்தார். நம்மிடம் கேட்கப்படுவது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மாத்திரம். அதையும் தாராது காலங்கழித்தோமாயின், நாளை தேர் நிலையைவிட்டு நகரும்போது ஒலிபெருக்கியில் எவ்வூரார் வாசிப்பையோ கேட்டு நிற்கும் நிலை நம் சந்ததியார்க்கு வரும். கெட்டதைச் செப்பனிடுவோர் அடியில் பணிவேன் என்று மன்னரே சொல்லியிருக்க, அப்பணிவுக்குப் பாத்திரராகும் பேற்றை நாம் ஏன் இழக்கவேண்டும்?

 இம்முயற்சி இனிது நிறைவேறக் காசி விசுவநாதரும் குற்றாலநாதரும் திருவருள் புரிவார்களாக.

சுபம்.